ஆதன் அப்பா

(நம் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "ஐயா, இருபது நிமிஷம் பேசணும். தலைப்பு உங்க விருப்பம்" என்றார்கள். இருபது நிமிஷத்தில் உலகத்தைத் திருத்திவிட முடியாது. ஆகவே ஒரே ஒரு பெயரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயர். மூன்றே எழுத்து. ஆதன்.

முருகன் எத்தனையோ பேர் உண்டு. கணேசன் உண்டு. குமார் என்று கூப்பிட்டால் இந்த மண்டபத்தில் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆதன் என்று கூப்பிட்டால்? நான் 32 ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். அந்த 32 ஆண்டுகளில் ஒரே ஓர் ஆதனைத்தான் பார்த்தேன். அவன் கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

1992ஆம் ஆண்டு. நான் அப்போது ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியர். வகுப்பில் ஆதன் என்று ஒரு பையன். அப்பா பால்மரம் வெட்டுகிறவர். அம்மா ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். பையன் கெட்டிக்காரன், ஆனால் வாய் திறக்க மாட்டான். ஒரு நாள் பள்ளி விட்ட பிறகும் போகாமல் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா?" என்றேன்.

"சார், என் பேரை மாத்தணும். எப்படி மாத்துறது, எங்க போகணும்?" என்றான்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? உட்காரவைத்து விசாரித்தேன். விஷயம் இதுதான். பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், வருகைப் பதிவேட்டில் ஆங்கில எழுத்தில் இருந்த பெயரைப் பார்த்து, "அத்தான்" என்று கூப்பிட்டுவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆதனும் அத்தானும் ஒன்றுபோலத்தான் தெரியும். வகுப்பு சும்மா இருக்குமா? அன்றிலிருந்து, "அத்தான் வந்துட்டாரு, பாய் எடுத்துப் போடுங்க" என்று ஒரே கேலி.

பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் பேருக்கு நல்ல பொருள் இருக்கிறது என்று காட்டுகிறேன் பார் என்று பள்ளியிலிருந்த அகராதியை எடுத்துப் புரட்டியிருக்கிறான். அங்கே ஆதன் என்ற சொல்லுக்கு என்ன போட்டிருந்தது தெரியுமா? 'அறிவில்லாதவன்.' பக்கத்தில் நின்ற பையன்களும் அதைப் படித்துவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா?

"எங்கப்பா எனக்கு முட்டாள்னு பேரு வச்சிருக்காரு சார்" என்று சொல்லும்போது அவன் கண் கலங்கிவிட்டது. அவனுக்குக் கோபம் கேலி செய்த பையன்கள் மேல் இல்லை, அப்பா மேல்! அதுதான் என்னைச் சுட்டது.

நான் அவனுக்கு அன்று சொன்னதையும், பிறகு சொன்னதையும் சேர்த்து இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

பிள்ளைகளே, மாலை என்றால் என்ன? கழுத்தில் போடுவதும் மாலை. பொழுது சாய்வதும் மாலை. ஒலி ஒன்று, சொல் வேறு. பிற்காலத்து நூல்களில் அறிவில்லாதவர்களை ஆதர் என்று சொல்லும் வழக்கம் இருந்தது. அகராதி அதை எழுதி வைத்திருக்கிறது. அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெயர் யார் யாருக்கு இருந்தது என்ற சேதியைச் சொல்லின் பொருளை மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு வேறு இடத்தில் தேட வேண்டும்.

தேடினால் முதலில் வந்து நிற்பவர்கள் சேர மன்னர்கள். உதியஞ்சேரலாதன். அவன் மகன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். இந்த நெடுஞ்சேரலாதனின் மகன்தான் நீங்கள் பாடத்தில் படிக்கும் சேரன் செங்குட்டுவன். சேரலாதன் என்பதைப் பிரித்துப் பாருங்கள்: சேரல், ஆதன். கபிலர் பாடிய இன்னொரு சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதன். ஐங்குறுநூறு என்ற சங்க நூலின் முதல் பத்துப் பாட்டுகளும் ஆதன் அவினி என்ற மன்னனை வாழ்த்தித்தான் தொடங்குகின்றன. மன்னன் தன் பிள்ளைக்கு முட்டாள் என்றா பேர் வைத்திருப்பான்? நீங்களே சொல்லுங்கள்!

பாட்டில் இருப்பது போகட்டும், கல்லிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் கரூருக்குப் பக்கத்தில் புகளூர் என்று ஓர் ஊர். அங்கே ஆறுநாட்டார் மலை. அந்த மலையின் குகையில், செங்காயபன் என்ற சமண முனிவர் தங்குவதற்குக் கல்லில் இடம் வெட்டிக் கொடுத்து, பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ கி.பி. 2ஆம் நூற்றாண்டு எழுத்து. கொடுத்த சமயம், இளங்கடுங்கோ என்பவன் இளவரசனான சமயம். அவன் யார் மகன்? பெருங்கடுங்கோவின் மகன். பெருங்கடுங்கோ யார் மகன்? கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன். மூன்று தலைமுறை அந்தக் கல்லில் இருக்கிறது. பேரன் செய்த நல்ல காரியத்தில் தாத்தா ஆதனின் பெயர் நிலைத்துவிட்டது. தாய்மார்களே, நாம் பேரன் பேரன் என்று கொஞ்சுகிறோமே, அந்தச் சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்று அதற்குப் பொருள்.

இவ்வளவும் ராஜாக்கள் கதை. தோட்டத்துப் பையனுக்கு அது போதுமா? எனக்குப் பிடித்த ஆதன் வேறு ஒருவன். அவனைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அவன் அப்பாவைத்தான் நமக்குத் தெரியும். அவர்தான் பிசிராந்தையார்.

இந்தப் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். "ஆந்தையா சார்?" என்பார்கள். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன், கண் பெரிதாக இருந்திருக்கும் போல என்று. அது இல்லை. பிசிர் என்பது பாண்டிய நாட்டில் ஓர் ஊர். ஆந்தை என்றால் ஆதன் தந்தை. பேச்சில் சுருங்கி ஆந்தை ஆகிவிட்டது. தொல்காப்பியரே இதற்கு விதி சொல்லியிருக்கிறார். எழுத்ததிகாரத்தில் போய்ப் பாருங்கள்: ஆதன் தந்தை ஆந்தை ஆகும், பூதன் தந்தை பூந்தை ஆகும், சாத்தன் தந்தை சாத்தந்தை ஆகும், கொற்றன் தந்தை கொற்றந்தை ஆகும். இலக்கணத்தில் தனியாக விதி எழுத வேண்டிய அளவுக்கு, பிள்ளை பேரைச் சொல்லித் தகப்பனைக் கூப்பிடுவது அந்தக் காலத்தில் சாதாரணமாக இருந்திருக்கிறது.

இப்போது மட்டும் என்ன? நம் லயத்தில் எந்த அம்மா புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்? "குமாரு அப்பா, தண்ணி காஞ்சிருச்சு!" "லெட்சுமி அம்மா, கொஞ்சம் உப்பு குடுங்க!" இப்படித்தானே நம் தாய்மார்கள் பேசினார்கள்? குமாரு அப்பா என்பதற்கும் ஆந்தை என்பதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. தொல்காப்பியர் காலத்து வழக்கம் பால்மரக் காட்டு லயத்தில் உயிரோடு இருந்திருக்கிறது. நமக்குத்தான் அதன் பெருமை தெரியவில்லை.

பிசிராந்தையாருக்கு உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் நண்பன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பார்க்காமலே நட்பு. அந்தச் சோழனுக்கு ஒரு துயரம் வந்தது. பெற்ற மக்கள் இருவர் அவனோடு போருக்கு வந்துவிட்டார்கள். அவனும் ஆத்திரத்தோடு புறப்பட்டான். எயிற்றியனார் என்ற புலவர்தான் தடுத்தார். உனக்குப் பிறகு இந்த நாடு அவர்களுக்குத்தானே போகப்போகிறது, பிறகு யாரோடு இந்தச் சண்டை என்ற கருத்தில் பேசினார். சோழன் வாளை வைத்தான். வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தான். எனக்கொரு நண்பன் வருவான், அவனுக்கும் இடம் விட்டு வையுங்கள் என்று சொல்லிவைத்தான். சொன்னபடியே பிசிராந்தையார் வந்து சேர்ந்தார்.

வந்தவரைப் பார்த்தவர்களுக்கு வியப்பு. இவ்வளவு வயதாகியும் ஒரு நரை இல்லையே, எப்படி என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதில் புறநானூற்றில் இருக்கிறது. அதன் கருத்தை மட்டும் நம் பேச்சில் சொல்கிறேன். என் மனைவி குணவதி. என் பிள்ளைகள் அறிவு நிறைந்தவர்கள். என்னிடம் வேலை செய்கிறவர்கள் என் மனம் அறிந்து நடக்கிறார்கள். என் அரசன் நல்லபடியாகக் காக்கிறான். என் ஊரில் அடக்கமுள்ள பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்கு எப்படி நரைக்கும் என்றார்.

பெற்றோர்களே, இந்த இரண்டு தகப்பன்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவன் நாடாளும் அரசன். அவன் பிள்ளைகள் அவனையே எதிர்த்துப் படை எடுத்தார்கள். இன்னொருவர் ஏதோ ஒரு ஊர்க்காரர். அவருக்குப் பிள்ளைகளால் மனக்கவலை இல்லை. அவரை ஊரே ஆதன் அப்பா என்று கூப்பிட்டது. அந்தப் பெயரோடுதான் அவர் தமிழில் நிலைத்திருக்கிறார். பாவேந்தர் பாரதிதாசன் இவர் பெயரிலேயே ஒரு நாடகம் எழுதினார். பாவேந்தர் மறைந்த பிறகு, 1969இல் அந்த நாடகத்துக்குத்தான் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் அன்று சொன்னேன். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. "சரிங்க சார்" என்று போய்விட்டான். இரண்டு நாள் கழித்து அவன் அப்பாவே என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஐயா, பையன் எல்லாத்தையும் சொன்னான். நான் அவனுக்கு ஏன் அந்தப் பேரு வச்சேன்னு அவன்கிட்டச் சொன்னதே இல்லீங்க" என்று ஆரம்பித்தார்.

அவர் கல்யாணம் ஆகாத வயதில், தோட்டத்து இளைஞர்கள் பொங்கலுக்குப் பிசிராந்தையார் நாடகம் போட்டிருக்கிறார்கள். நாடகம் முடிந்ததும் ஆசிரியர் ஒருவர் மேடையேறி, ஆந்தை என்றால் ஆதன் தந்தை என்று விளக்கியிருக்கிறார். அது இவர் மனத்தில் தைத்துவிட்டது.

"எனக்கு ஒரு பேரு இருந்துச்சுங்க. கிராணி புத்தகத்துல அதைத் தப்பா எழுதிட்டாங்க. பெரட்டுல நான் ஒரு நம்பரு. தண்டலுக்கு நான் 'ஏய்'. துரைக்கு அதுவும் கிடையாது. சரி, நமக்குத்தான் பேரு இல்லாமப் போச்சு, பொறக்கிற பிள்ளை பேருல நம்மளக் கூப்பிட்டா அதாவது நல்ல பேரா இருக்கட்டுமேன்னு நெனச்சேன். ஆதன் அப்பான்னு கூப்பிட்டா, அது அந்தப் பெரியவரு பேருதானுங்களே?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இலக்கணம் படித்தவன் நான். அந்த விதியை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி மார்க் வாங்கியவன் நான். அதை வாழ்க்கையில் எடுத்து வைத்துக்கொண்டவர், மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பால்மரத் தொழிலாளி.

"இதை உங்க மகன்கிட்டச் சொல்லுங்க. நான் சொன்னதைவிட இதுதான் முக்கியம்" என்றேன். சொல்லியிருக்கிறார். பையன் அதன் பிறகு பேரை மாற்றும் பேச்சை எடுக்கவே இல்லை. புதிதாக யாராவது பெயரைத் தப்பாகக் கூப்பிட்டால் எழுந்து நின்று, "அத்தான் இல்லீங்க, ஆதன். ஆ-த-ன்" என்று சொல்லப் பழகிக்கொண்டான்.

2011இல் ஒரு நாள் தொலைபேசி வந்தது. "சார், ஆதன் அப்பா தவறிட்டாருங்க." போனேன். தோட்டம் அதற்குள் செம்பனையாக மாறி, பாதிக் குடும்பங்கள் வெளியேறிவிட்டன. ஆனாலும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்திருந்தார்கள். வாசலில் ஒரு பையன் பலகையில் எழுதுவதற்காகச் சுண்ணாம்புக்கட்டியோடு நின்றான். "தாத்தா பேரு என்னங்க?" என்று கேட்டான். அங்கே நின்ற மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் உடனே வாயில் வரவில்லை. "ஆதன் அப்பான்னு எழுதுப்பா, எல்லாருக்கும் தெரியும்" என்றார் ஒரு பெரியவர். பையனும் அப்படியே எழுதினான். அவர் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவர் ஆந்தை ஆகிவிட்டார்.

இந்தக் கதைக்கு இன்னும் ஒரு துண்டு பாக்கி இருக்கிறது. மதுரைக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில் கீழடி என்று ஓர் ஊர். அங்கே 2018இல் நடந்த அகழாய்வைப் பற்றித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பழைய தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் 56 கிடைத்ததாக அதில் எழுதியிருந்தார்கள். அங்கே எடுத்த ஒரு கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று ஆய்வுக்கூடம் கணித்ததாகவும் அறிக்கை சொல்கிறது. அந்தப் பானையோடுகளில் படிக்க முடிந்த பெயர்களில் ஒன்று, ஆதன்!

கல்லில் வெட்டிய பெயர் ராஜா பெயர். இது பானையில் எழுதிய பெயர். சோறோ தண்ணீரோ வைத்துக்கொண்ட பானை. 'இது என்னுடையது' என்பதுபோல் ஒரு ஆதன் தன் பெயரை எழுதி வைத்துக்கொண்டான். நம் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு வருகிறார்களே, அதேபோலத்தான்.

பத்திரிகையில் அதைப் படித்ததும் ஆதனுக்குத் தொலைபேசி போட்டேன். "டேய், உன் பேரு பானையோட்டுல இருக்குடா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலயே எழுதி வச்சிருக்கான்" என்றேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, "அப்பா இருந்திருக்கணும் சார்" என்றான்.

ஆதன் பெரிய பதவிக்கெல்லாம் போகவில்லை. மின்சார வேலை செய்கிறான். நாணயமான வேலைக்காரன் என்று பேர் வாங்கியிருக்கிறான். அவன் மகள் இன்று இந்தப் பள்ளியில் படிக்கிறாள். நம் நாட்டு அடையாளப் பத்திரங்களில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று தகப்பன் பெயரும் வருகிறது அல்லவா? ஒரு காலத்தில் அழித்துவிடத் துடித்த அந்த மூன்றெழுத்து, இன்று மகள் பெயருக்குப் பின்னால் பத்திரமாக நிற்கிறது. நான் அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. சற்று நேரத்தில் பரிசு வாங்கப் பெயர் கூப்பிடும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் மூன்றே மூன்று வேண்டுகோள். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது வாயில் நுழைகிற பெயராக, பொருள் தெரிந்த பெயராக வையுங்கள். எண் கூட்டிப் பார்த்து, யாருக்கும் பொருள் தெரியாத ஓசையை வைத்துவிட்டுப் பிறகு தேடாதீர்கள். இரண்டாவது, பதியப் போகும்போது ஆங்கில எழுத்தில் எப்படி வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முகப்பில் இருப்பவர் எழுதுவதை ஒரு முறை படித்துப் பாருங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். ஓர் எழுத்துத் தவறு ஆயுள் முழுக்கக் கூட வரும். மூன்றாவது, இதுதான் பெரியது: ஏன் அந்தப் பெயரை வைத்தீர்கள் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். தாத்தா பெயரா, சாமி பெயரா, படித்த கதையில் வந்த பெயரா, எதுவானாலும் சரி. ஆதனுடைய அப்பா பன்னிரண்டு வருஷம் சொல்லாமல் இருந்தார். அந்தப் பிள்ளை அகராதியில் போய்த் தேடி அழுதது.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பரிசை மூலையில் வைத்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு ஏம்ப்பா இந்தப் பேரு வச்சீங்க?" என்று கேளுங்கள். பரிசு வாங்காத பிள்ளையும் கேட்கலாம். இதற்கு மார்க் தேவையில்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். விடியற்காலையில் பெரட்டில் கூப்பிடும்போது உங்கள் அப்பாவும் அம்மாவும் ஓர் எண்ணாக இருக்கலாம். நீங்கள் ஒழுங்காக நடந்தால் ஊர் அவர்களை உங்கள் பெயரால் கூப்பிடும். இந்த மேடையில் உங்கள் பெயர் ஒலிக்கும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் அவர்கள் பெயரும் சேர்ந்துதான் ஒலிக்கிறது.